மலையும் முகாமும்: நம்ம மாவட்டத்தின் இரண்டு சமூகங்கள், ஓர் ஒப்பீடு



இந்த இதழின் சமூகப் பாடத்துக்கு இரண்டு சமூகங்களை எடுத்துக்கிட்டோம். ரெண்டுமே நம்ம திருச்சி மாவட்டத்தில்தான் இருக்கு. முசிறியிலிருந்து வடக்கே துறையூர் போய், உப்பிலியபுரம், சோபனபுரம் தாண்டி மேலே ஏறினால் பச்சமலை. அங்கே வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். அதே முசிறியிலிருந்து காவிரிக் கரையோரமா திருச்சிக்கு வந்து, விமான நிலையம் பக்கம் போனால் கொட்டப்பட்டு. துவாக்குடி பக்கம் போனால் வாழவந்தான்கோட்டை. இந்த ரெண்டு ஊர்களிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கு.

ஒரு சமூகம் பல தலைமுறையா ஒரே மலையில் இருப்பது. இன்னொன்று போரினால் கடல் தாண்டி வந்தது. ரெண்டு பேரும் தமிழ் பேசுறவங்க. ரெண்டு பேருடைய வாழ்க்கைத் தரமும் மாநிலச் சராசரிக்குக் கீழே. சரி, ரெண்டு பேருக்கும் ஒரே மருந்து போதுமா? இந்தக் கட்டுரையின் கேள்வி அதுதான்.

முதலில் ஒரு சின்ன உதாரணம்

இஞ்சினியரிங் படிக்கிறவங்களுக்குப் புரியும்படியே ஆரம்பிப்போம். ரெண்டு வீட்டில் லைட் எரியல. முதல் வீட்டுக்காரர் பேரில் மின் இணைப்பு இருக்கு, மீட்டர் இருக்கு, வயரிங்கும் இருக்கு. ஆனால் கம்பத்திலிருந்து லைன் அங்கே வரை வந்து சேரவில்லை. ரெண்டாவது வீட்டு வாசலிலேயே கம்பம் நிக்குது, லைனும் ஓடுது. ஆனால் அந்த வீட்டுக்காரர் பேரில் இணைப்பு கொடுக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க, ஏன்னா அவர் பேரே பதிவேட்டில் இல்லை.

வெளியே நின்னு பார்த்தால் ரெண்டு வீடும் இருட்டு. "பாவம், ரெண்டு பேரும் கஷ்டப்படுறாங்க"ன்னு சொல்லிட்டு ஆளுக்கொரு மெழுகுவர்த்தி கொடுத்துட்டு வந்துடலாம். ஆனால் பழுதைச் சரி பண்ணணும்னா, எங்கே அறுந்திருக்குன்னு தெரியணும். ஒரே அறிகுறி, ரெண்டு வேற வேற பழுது.

பச்சமலை முதல் வீடு. முகாம் ரெண்டாவது வீடு. எப்படின்னு ஒவ்வொரு தலைப்பா பார்ப்போம்.

யார் இவர்கள்?

"மலையாளி" என்றதும் பலர் கேரளாக்காரங்கன்னு நினைச்சுடுறாங்க. அப்படி இல்லை. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வந்த பெயர் அது. இவர்கள் பேசுவது தமிழ். கொல்லிமலை, சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, சித்தேரி, ஜவ்வாது மலை, பச்சமலை என்று கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் பரவியிருக்கிறார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த சகோதரர்கள் ஆளுக்கொரு மலைக்குப் போனார்கள், அவர்கள் வழி வந்தவர்கள்தான் நாங்கள் என்பது இவர்களுடைய வாய்வழிக் கதை. தமிழ்நாட்டின் பட்டியல் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரியது இந்தச் சமூகம்தான். 2011 கணக்கெடுப்பில் சுமார் மூன்றரை லட்சம் பேர். பச்சமலையில் தென்புறநாடு, வண்ணாடு, கோம்பை என்று ஊராட்சிப் பெயர்களிலேயே பழைய "நாடு" பிரிவு இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு.

முகாம் மக்களின் கதை வேற. 1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த வன்முறைக்குப் பிறகு படகுகள் ராமேஸ்வரம் கரைக்கு வர ஆரம்பித்தன. போர் மூளும்போதெல்லாம் ஒவ்வொரு அலையா மக்கள் வந்தார்கள். 1983க்கும் 2012க்கும் இடையில் வந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். பலர் திரும்பிப் போனார்கள், சிலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். 2021 கணக்குப்படி தமிழ்நாட்டில் 108 முகாம்களில் சுமார் 58,800 பேரும், முகாமுக்கு வெளியே பதிவு செய்துகொண்டு சுமார் 34,000 பேரும் இருந்தார்கள்.

இதிலும் ஒரு உள்பிரிவு உண்டு. யாழ்ப்பாணம், வன்னி, மன்னார், திருகோணமலைப் பகுதிகளைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் ஒரு பகுதி. இன்னொரு பகுதி, வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலைத் தோட்ட வேலைக்கு இங்கேயிருந்து போன தமிழர்களின் பிள்ளைகள். திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம், சேலம் மாவட்டக் கிராமங்களிலிருந்தெல்லாம் அப்படிப் போனவர்கள் நிறைய. 1948-ல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும் என்று தலையை எண்ணிப் பிரித்தது. அந்த வேலை முடிவதற்குள் போர் வந்துவிட்டது. ஆக, முகாமில் இருக்கும் சிலருக்கு இந்தியா "வந்த ஊர்" இல்லை, தாத்தா பாட்டி "விட்டுப் போன ஊர்".

காகிதம்: ஒருத்தருக்கு மாவட்டக் கோடு, இன்னொருத்தருக்குத் தேதிக் கோடு

பச்சமலை மக்கள் இந்தியக் குடிமக்கள். ஓட்டு உண்டு, ரேஷன் கார்டு உண்டு, பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கலாம். பட்டியல் பழங்குடி என்ற அரசியல் சட்டப் பாதுகாப்பும் உண்டு. மாநிலத்தில் 1 சதவீதம், மத்திய அரசில் 7.5 சதவீதம் இடஒதுக்கீடு. அதற்கான சாதிச் சான்றிதழைத் தாசில்தார் கொடுக்க முடியாது, கோட்டாட்சியர்தான் கொடுக்கணும். துறையூர் தாலுகா முசிறி கோட்டத்தில் வருவதால், பச்சமலைப் பிள்ளைகளின் சான்றிதழ்க் கோப்பு வந்து சேரும் இடம் நம்ம முசிறிதான்.

ஆனால் இந்தக் காகிதத்திலும் ஒரு கோடு இருக்கு. பட்டியலில் "மலையாளி" என்று பொதுவாகப் போடவில்லை. தருமபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் வாழும் மலையாளி என்று போட்டிருக்காங்க. அன்றைக்குக் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்து, இன்றைக்கு ஈரோடு மாவட்டத்தில் இருக்கும் பர்கூர் மலை மலையாளிகள் அந்தப் பட்டியலில் இல்லை. அதே பெயர், அதே மலை வாழ்க்கை. மாவட்டக் கோட்டுக்கு இந்தப் பக்கம் பழங்குடி, அந்தப் பக்கம் இல்லை. பர்கூர் மக்கள் பல வருஷமா இதற்காகக் குரல் கொடுக்கிறார்கள்.

முகாமில் இருப்பவர்களுக்கு மாவட்டக் கோடு பிரச்சினை இல்லை. தேதிக் கோடுதான் பிரச்சினை. நம்ம குடியுரிமைச் சட்டப்படி 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். 1987 ஜூலை 1க்குப் பிறகு பிறந்தால், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்கணும். 2004 டிசம்பர் 3க்குப் பிறகு பிறந்தால், ஒருவர் இந்தியராக இருப்பதோடு மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராகவும் இருக்கக் கூடாது.

இப்போ ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. 1984-ல் முகாமுக்கு வந்த ஒரு குடும்பம். அக்கா 1986-ல் பிறந்தாள், தம்பி 1989-ல் பிறந்தான். ஒரே அப்பா அம்மா, ஒரே முகாம், ஒரே பள்ளிக்கூடம். சட்டப்படி அக்கா இந்தியர். தம்பி இந்தியர் இல்லை. இது வெறும் கற்பனைக் கணக்கு இல்லை என்பதற்குக் கொட்டப்பட்டே சாட்சி. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்து கொட்டப்பட்டு முகாமில் வாழும் ஒரு பெண், பாஸ்போர்ட் கேட்டு நீதிமன்றம் போனார். 2022-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவர் பிறப்பால் இந்தியர் என்பதை ஏற்று பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் திருச்சியில் ஓட்டுப் போட்டார். வாழ்க்கையில் முதல் ஓட்டு, 38 வயதில்.

1987க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அந்த வழி இல்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்ற மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும். இலங்கை அதில் இல்லை. 2019 ஜூன் 17 அன்று மதுரைக் கிளை, கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த இந்திய வம்சாவளித் தமிழர்கள் 65 பேரின் வழக்கில், அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. இது நல்ல செய்திதான். ஆனால் "தண்டிக்க மாட்டோம்" என்பதும் "நீங்க எங்க ஆளு" என்பதும் ஒண்ணு இல்லை.

நிலமும் வீடும்

மலையில் நிலம் இருக்கு. கொஞ்சம் பட்டா நிலம், மீதி காப்புக் காட்டை ஒட்டி தலைமுறையா உழுதுவரும் நிலம். ரெண்டாவது வகைக்கு உரிமை கொடுக்கத்தான் 2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே உழுதுவரும் பழங்குடிக் குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். தேன், புளி, கடுக்காய் போன்ற சிறு வனப் பொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையும், கிராம சபைக்கே காட்டைப் பராமரிக்கும் உரிமையும் அதில் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் நீதிமன்ற இடைக்கால உத்தரவு ஒன்றினால் உரிமைப் பத்திரம் வழங்குவது பல வருஷம் தேங்கி நின்றது. 2016-ல்தான் அந்தத் தடை நீங்கியது. மற்ற மாநிலங்கள் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் நாம் தொடக்கக் கோட்டிலேயே நின்றோம்.

இன்னொன்றும் சொல்லணும். பழங்குடிப் பகுதிகளுக்குத் தனி நிர்வாகப் பாதுகாப்பு தரும் அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் ஆந்திரா, ஒடிசா, ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களின் பகுதிகள் இருக்கு. தமிழ்நாட்டு மலை ஒன்றுகூட அதில் இல்லை.

முகாமில் நிலம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இலங்கைக் குடிமக்கள் இங்கே ரிசர்வ் வங்கி அனுமதி இல்லாமல் அசையாச் சொத்து வாங்க முடியாது. சம்பாதித்தாலும் ஒரு சென்ட் மனை வாங்க முடியாது என்பதுதான் இதன் நடைமுறை அர்த்தம். பல முகாம்களில் பத்துக்குப் பத்தடி அறையில் ஒரு குடும்பம் முப்பது வருஷம் வாழ்ந்திருக்கு. பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆனாலும் அதே அறையில் ஒரு துணித் தடுப்பு, அவ்வளவுதான். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. அதில் பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவதும் ஒன்று. "அகதிகள் முகாம்" என்ற பெயர் "மறுவாழ்வு முகாம்" என்று மாறியதும் அப்போதுதான்.

வீட்டுத் தரத்தில் மட்டும் பார்த்தால், புது வீடு கிடைத்த முகாம் குடும்பம் சில மலைக் குடும்பங்களைவிட நல்ல கூரையின் கீழ் இருக்கலாம். ஆனால் மலையில் ஓட்டு வீடு ஒழுகினாலும் அது அவங்க வீடு. வங்கியில் அடமானம் வைக்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். முகாம் வீட்டை எதுவும் செய்ய முடியாது.

வேலையும் வருமானமும்

பச்சமலையின் பணப்பயிர் மரவள்ளிக்கிழங்கு. முந்திரியும் உண்டு. சாமை, தினை, வரகு குறைந்துகொண்டே வந்து கிழங்கு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. கிழங்கு போகும் இடம் ஆத்தூர், சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள்.

இங்கேதான் ஒரு நுணுக்கம். மரவள்ளியைப் பிடுங்கின ரெண்டு மூணு நாளுக்குள் அரைத்தாகணும். இல்லாட்டி கெட்டுப்போகும். விலையோ மாவுச்சத்து "பாயின்ட்" கணக்கில். எத்தனை பாயின்ட் என்பதை அளப்பது ஆலை. லாரி வாடகை, ஏற்றுக்கூலி எல்லாம் விவசாயி கணக்கில் கழியும். மலைப்பாதையில் வண்டி வரணும்னாலே கூடுதல் செலவு. "இந்த விலைக்கு வேண்டாம், அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று சொல்லும் வசதி அந்த விவசாயிக்குக் கிடையாது. பொருள் அழுகும், பேரம் பேசும் பலம் அதோடு சேர்ந்து அழுகும். மழையை நம்பின ஒற்றைப் பயிர், அழுகும் சரக்கு, தூரச் சந்தை. மலைக்குடும்பத்தின் வருமானச் சிக்கல் இந்த மூன்றில்தான் இருக்கு.

கிழங்குக் காசு போதாத வருஷம், ஆட்கள் கேரளா, கர்நாடகா, ஆந்திரா என்று கூலிக்குப் போகிறார்கள். அப்படி வெளியே போகும் மலைத் தொழிலாளி எவ்வளவு ஆபத்தில் மாட்டலாம் என்பதற்கு 2015 ஏப்ரல் 7 சாட்சி. அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லப்பட்ட 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் ஜவ்வாது மலை உள்ளிட்ட மலைப் பகுதிகளின் மலையாளிகள்.

முகாம் மக்களுக்குச் சந்தை தூரம் இல்லை. கொட்டப்பட்டில் இருந்து திருச்சி நகரம் கூப்பிடு தூரம். வாழவந்தான்கோட்டையில் சிட்கோ தொழிற்பேட்டையே இருக்கு. வேலை கிடைக்குது, ஆனால் என்ன வேலை? பெரும்பாலும் பெயின்டிங், கட்டட வேலை, லோடு ஏற்றுவது, கடை வேலை. தமிழ்நாடு முழுக்கவே முகாம் ஆண்கள் என்றால் பெயின்டர் என்று சொல்லும் அளவுக்கு அந்தத் தொழில் ஒட்டிக்கொண்டது. காரணம் திறமைக் குறைவு இல்லை. பெயின்டிங்குக்கு அடையாள அட்டை, சான்றிதழ், முதலீடு எதுவும் கேட்க மாட்டாங்க. காலையில் போய் சாயங்காலம் கூலி வாங்கிட்டு வந்துடலாம். முகாமில் ஆள் கணக்கெடுப்பு நடக்கும் நாளில் வந்து நிற்கணும் என்பதால், வெளியூரில் மாதக்கணக்கில் தங்கும் வேலையும் சிரமம்.

அரசு மாத உதவித்தொகையும் உண்டு. 2021 உயர்வுக்குப் பிறகு குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500. கூடவே ரேஷன் அரிசி. இது பட்டினியைத் தடுக்கும். சொத்து சேர்க்க உதவாது. மலை விவசாயியின் வருமானம் ஏறி இறங்கும். முகாம் தொழிலாளியின் வருமானம் ஓரளவு சீராக வரும், ஆனால் ஒரு உயரத்துக்கு மேலே ஏறாது. வித்தியாசம் புரியுதா?

கல்வி: நமக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும் பகுதி

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.1 சதவீதம். பழங்குடியினரிடையே 54.3. பழங்குடிப் பெண்களிடையே 46.8. மலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கு. டாப்செங்காட்டுப்பட்டியில் பள்ளியும் ஆரம்ப சுகாதார நிலையமும் இருக்கு. ஆனால் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஊர்களிலிருந்து அங்கே வந்து போவதும், மேல்நிலை முடித்த பிறகு மலையிறங்கிப் படிப்பதும் எல்லோராலும் முடிவதில்லை.

முகாம்களில் நிலைமை நேர் எதிர். பள்ளி பக்கத்தில் இருக்கு. வீட்டில் படிப்புக்கு முதலிடம். "நிலம் போச்சு, வீடு போச்சு, படிப்பை எவனும் பிடுங்க முடியாது" என்ற எண்ணம் அங்கே ஆழமா இருக்கு. 1984-ல் தொடங்கப்பட்ட ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்ற அமைப்புகள் முகாம் பிள்ளைகளின் படிப்பை விடாமல் தாங்கிப் பிடித்தன. பட்டதாரிகள் நிறைய. 2021 அறிவிப்பில், மதிப்பெண் அடிப்படையில் 50 பொறியியல் மாணவர்களின் கல்வி, விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றும் சொன்னார்கள்.

இப்போ ரெண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்க. 2024-ல் பச்சமலையைச் சேர்ந்த ஒரு பழங்குடி மாணவி, அரசுப் பழங்குடியினர் பள்ளியில் படித்து, ஜே.இ.இ. எழுதி, திருச்சி என்.ஐ.டி.யில் கெமிக்கல் இஞ்சினியரிங் சேர்ந்தார். மாநிலமே திரும்பிப் பார்த்தது. அவர் வீட்டிலிருந்து துவாக்குடிக்கு மலையிறங்கி, பஸ் மாறி மாறி வரணும். வாழவந்தான்கோட்டை முகாமோ அதே துவாக்குடிக்குப் பக்கத்தில். அங்கே ஒரு மாணவி அதே மதிப்பெண் எடுத்தால்? விண்ணப்பத்தில் "இந்தியர்" என்ற கட்டத்தில் டிக் போட முடியாது. மலைப் பிள்ளைக்கு என்.ஐ.டி. தூரத்தில் இருக்கு, ஆனால் கதவு திறந்திருக்கு. முகாம் பிள்ளைக்குக் கதவு பக்கத்தில் இருக்கு, ஆனால் பூட்டியிருக்கு.

படித்து முடித்த பிறகும் இதுவே தொடரும். மலைப் பட்டதாரி டி.என்.பி.எஸ்.சி. எழுதலாம், பெல் நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கலாம். முகாம் பட்டதாரிக்கு அரசு வேலை கிடையாது. தனியார் நிறுவனத்தில் பிளேஸ்மென்ட் ஆனாலும், ஆவணச் சரிபார்ப்பில் குடியுரிமை, பாஸ்போர்ட் என்று வந்ததும் தடுக்கி விழும் அபாயம். டிகிரி வாங்கிவிட்டு மறுபடி பெயின்ட் பிரஷ் எடுத்தவர்கள் உண்டு. தம்பி தங்கைகள் அதைப் பார்க்கிறார்கள். "படிச்சு என்ன ஆகப் போகுது?" என்ற கேள்வி அந்த இடத்தில்தான் பிறக்குது.

குடியுரிமை மட்டும் போதுமா?

அப்போ குடியுரிமை கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று முடிவு கட்டிவிடலாமா? வாச்சாத்தி அதற்குப் பதில் சொல்லும். 1992 ஜூன் 20. தருமபுரி மாவட்டம் சித்தேரி மலை அடிவாரத்தில் மலையாளிகள் வாழும் கிராமம் வாச்சாத்தி. சந்தனக் கட்டை சோதனை என்று போன வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊரையே சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 269 பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள். உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011-ல் தீர்ப்பு வந்தது. 2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட எல்லோரும் குடிமக்கள்தான். இருந்தும் நீதிக்கு 31 வருஷம்.

ஆனாலும் ஒரு வித்தியாசத்தைக் கவனிங்க. அந்த மக்கள் குடிமக்களாக இருந்ததால்தான் மலைவாழ் மக்கள் சங்கமும், கட்சியும், நீதிமன்றமும் அவர்களோடு நின்று போராட முடிந்தது. காகிதம் நீதியைக் கொண்டுவந்து கையில் கொடுக்காது, கேட்கும் உரிமையைக் கொடுக்கும்.

உலகத்தில் இதே ஜோடி

இந்த ரெண்டு வகைப் பூட்டும் நம்ம ஊருக்கு மட்டும் சொந்தம் இல்லை. ரெண்டும் திறந்த உதாரணமும் உலகத்தில் இருக்கு.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்குப் பெயர் கொடுத்தவர்களே யூட் பழங்குடி மக்கள். கொலராடோ மலைகளில் பரந்து வாழ்ந்த அவர்களை 1880களில் சுருக்கி, பலரை ஒரேயடியாக யூட்டாவுக்கு விரட்டினார்கள். 1924-ல் பூர்வகுடிகள் அனைவருக்கும் அமெரிக்கக் குடியுரிமை வந்தது. அதனால் மட்டும் வறுமை போகவில்லை. கொலராடோவின் தென்மேற்கில் இருக்கும் தெற்கு யூட் சமூகம், தன் நிலத்துக்கடியில் இருந்த எரிவாயுவை வெளியாளுக்குக் குத்தகை விட்டுக்கொண்டிருந்தது. 1992-ல் ரெட் வில்லோ என்று சொந்த நிறுவனமே தொடங்கியது. அதன் பிறகு அமெரிக்காவின் வசதியான பழங்குடிச் சமூகங்களில் ஒன்றாக வளர்ந்தது. குடிமகனாக இருந்தும் ஏழையாக இருந்தவர்களுக்குத் திறவுகோலாக இருந்தது, தன் நிலத்தின் விளைச்சலுக்குத் தானே விலை சொல்லும் அதிகாரம்.

மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் 1989 முதல் 2003 வரை, நடுவில் சின்ன இடைவெளியோடு, ரெண்டு உள்நாட்டுப் போர். கானாவில் 1990-ல் தொடங்கிய புதுபுராம் முகாமில் ஒரு தலைமுறையே வளர்ந்தது. அமெரிக்காவுக்குப் போன லைபீரியர்கள் 1991 முதல் தற்காலிகப் பாதுகாப்பில் இருந்தார்கள். அது முடியும் தேதி வரும்போதெல்லாம் நீட்டிப்பாங்களா மாட்டாங்களா என்ற பயம். 2019 டிசம்பரில் வந்த சட்டம் அவர்களுக்கு நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கும் வழியைத் திறந்தது. வேலை இருந்தது, வரி கட்டினார்கள், பிள்ளைகள் அங்கேயே பிறந்தன. குறையாக இருந்தது காகிதம். இங்கே திறவுகோல் அதுதான்.

அப்போ நாம் என்ன செய்யலாம்?

"யார் அதிக ஏழை?" என்ற கேள்வி ஒப்பீட்டுக்கு உதவாது. "எங்கே அறுந்திருக்கு?" என்பதே சரியான கேள்வி. பச்சமலையில் அறுந்திருப்பது தூரம், சந்தை, வன உரிமை. முகாமில் அறுந்திருப்பது குடியுரிமை. மலைக்கு உதவித்தொகையை மட்டும் கூட்டினால் கிழங்கு விலை ஏறாது. முகாமுக்கு வீடு மட்டும் கட்டினால் டிகிரிக்கு வேலை வராது.

சட்டத்தை மாற்றும் சக்தி நம்மிடம் இல்லைதான். ஆனால் மாணவர்களாக நம் கையில் சிலது இருக்கு.

ஒன்று, ப்ராஜெக்ட். கிழங்கைச் சீவி உலர்த்தினால் ரெண்டு மூணு நாள் கெடு, மாதக்கணக்காக நீளும். மலையிலேயே இயங்கும் சின்ன சீவல் இயந்திரம், சூரிய உலர்த்தி, விவசாயியே பாயின்ட் பார்க்கும் எளிய அளவி. மூன்றும் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு ஏற்ற விஷயம். கடையில் விலைக்கு வாங்கி வந்து வைவாவில் காட்டும் மாடலைவிட நூறு மடங்கு மேல்.

ரெண்டு, தகவல். முகாமில் 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் யாராவது உங்களுக்குத் தெரிந்தால், பிறப்புச் சான்றிதழ் எவ்வளவு முக்கியம் என்று சொல்லுங்க. மலையில் பத்தாவது படிக்கும் பிள்ளை இருந்தால், சாதிச் சான்றிதழுக்கு இப்பவே விண்ணப்பிக்கச் சொல்லுங்க. கவுன்சிலிங் நேரத்தில் ஓடி அலைய வேண்டியதில்லை.

மூன்று, பிளேஸ்மென்ட் செல்லில் இருப்பவர்கள், வரும் நிறுவனத்திடம் முன்கூட்டியே கேளுங்க: "எங்க மாணவரிடம் மறுவாழ்வு முகாம் அடையாள அட்டை இருக்கு, ஏத்துக்குவீங்களா?" கடைசி ரவுண்டில் கேட்டு ஒரு மனசு உடைவதைவிட முதலிலேயே கேட்பது நல்லது.

நான்கு, காசே செலவில்லாதது. மலையாளி நண்பனிடம் "கேரளாவா?" என்று கேட்காதீங்க. முகாம் நண்பனை "அகதி" என்று கூப்பிடாதீங்க. அவன் பிறந்தது இங்கே, படிப்பது இங்கே, உங்க பெஞ்சில் உங்க பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். அவனுக்கு ஒரு பேர் இருக்கு. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.

அடுத்த இதழில் இன்னொரு பாடத்தோடு சந்திப்போம்.